திரையில் வானம், தலைக்கு மேல் வானம்

குழந்தைக்கு வானத்தை எங்கிருந்து சொல்லிக்கொடுக்கத் தொடங்குவது? மொட்டை மாடியில் நிறுத்தி அண்ணாந்து பார்க்கச் சொல்வதா, வானத்தைச் சுருக்கி ஒரு மாதிரியாகக் கண்முன் வைத்து விளக்கிவிட்டுப் பிறகு வெளியே அழைத்துப் போவதா? கணினிக்கு ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்தக் கேள்விக்கு எதிரெதிரான விடைகள் இருந்தன. பிளேட்டோ ஒருவரே இரண்டு விதமாகப் பேசியிருக்கிறார். ‘குடியரசு’ நூலின் ஏழாம் பகுதியில், வானியலைக் கணக்குகளாகவே கற்க வேண்டும், கண்ணுக்குத் தெரியும் வானத்தை விட்டுவிடலாம் என்கிறார். ‘திமேயஸ்’ நூலிலோ, கோள்களின் அசைவுகளைக் காட்டும் மாதிரி ஒன்று எதிரில் இல்லாமல் அவற்றை விளக்கப் புகுவது வீண் உழைப்பு என்கிறார்.

இன்று அந்த மாதிரி வீட்டு மடிக்கணினிக்குள் வந்துவிட்டது. ஸ்டெல்லேரியம், செலஸ்டியா போன்ற இலவச மென்பொருள்களைப் பத்து நிமிடத்தில் நிறுவிவிடலாம். எதைத் திறப்பது, எப்போது திறப்பது, குழந்தையைத் தனியே விடுவதா, சேர்ந்து உட்காருவதா என்பவைதான் குடும்பங்களுக்கு எழும் கேள்விகள். இவற்றுக்கு வரலாறும் ஆய்வுகளும் சொல்லும் விடைகள் ஒன்றுக்கொன்று முழுதாகப் பொருந்துவதில்லை. ஒவ்வொரு விடைக்கும் ஒரு பின்னணி உண்டு. ஒவ்வொன்றிலும் ஓர் ஓட்டையும் உண்டு.

மாதிரிகளின் நீண்ட வரிசை

கி.மு. 212இல் ரோமானியர் சிராக்கூசைக் கைப்பற்றியபோது தளபதி மார்செல்லஸ் எடுத்துச் சென்ற பொருள்களில் ஆர்க்கிமிடீஸ் செய்த வான்கோளமும் ஒன்று. சூரியன், சந்திரன், ஐந்து கோள்கள் ஆகியவற்றின் ஓட்டத்தை அது காட்டியதாக சிசரோ எழுதியிருக்கிறார். அந்தக் காலத்தில் அப்படி ஒன்று இருந்திருக்குமா என்ற ஐயத்துக்கு ஆன்டிகிதேரா இயந்திரம் விடை தந்தது. 1901இல் கிரேக்கக் கடலடியிலிருந்து மீட்கப்பட்ட இந்த வெண்கலப் பற்சக்கரக் கருவி, கிரகணங்கள் வரும் மாதங்களையே முன்கூட்டிச் சொல்லக்கூடியது.

பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இதே எண்ணம் ‘ஓரரி’ என்ற பெயரில் வரவேற்பறைகளுக்கு வந்தது. கைப்பிடியைச் சுழற்றினால் கோள்கள் சூரியனைச் சுற்றும். டெர்பி நகர ஓவியர் ஜோசப் ரைட் 1766இல் தீட்டிய ஓவியத்தில், சூரியனுக்குப் பதிலாக விளக்கு வைத்த ஓரரியைச் சுற்றிக் குழந்தைகளும் பெரியவர்களும் குனிந்து நிற்கிறார்கள். வீட்டில் வானியல் என்ற காட்சிக்கு இதைவிடப் பொருத்தமான சான்று கிடைப்பது அரிது.

ஒரு சான்று அதற்கு ஈடாக நிற்கிறது. 1774 மே மாதம் நிலாவும் நான்கு கோள்களும் வானில் நெருங்கி வந்தபோது, பூமி பாதை தவறிப்போகும் என்ற பீதி நெதர்லாந்தின் ஃப்ரீஸ்லாந்துப் பகுதியில் பரவியது. பிரானெக்கர் ஊரில் கம்பளி சீவும் தொழில் செய்த எய்சே எய்சிங்கா, அச்சத்துக்கு இடமில்லை என்று காட்டத் தன் வீட்டுக் கூடத்தின் மேற்கூரையிலேயே சூரியக் குடும்பத்தைக் கட்டத் தொடங்கினார். 1781இல் முடித்தார். ஒரு மில்லிமீட்டருக்குப் பத்து லட்சம் கிலோமீட்டர் என்ற அளவில், ஊசல் கடிகாரம் ஒன்றால் ஓடும் அந்த மாதிரியில் சனி ஒரு சுற்று முடிக்க உண்மையான சனியைப் போலவே 29 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். குடும்பம் புழங்கிய அந்த அறை 2023இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அவர் கட்டி முடித்த அதே 1781இல் யுரேனஸ் கண்டுபிடிக்கப்பட்டது. கூரையில் அதற்கு இடம் இல்லை.

இவையெல்லாம் சூரியக் குடும்பத்தை வெளியில் நின்று பார்ப்பவை. 1923இல் ம்யூனிக் நகரில் ஜெய்ஸ் நிறுவனம் வெள்ளோட்டம் காட்டிய கோளரங்கக் கருவி நேர்மாறானது. பார்ப்பவரை நடுவில் உட்காரவைத்து, கவிகை மேல் ஏறக்குறைய 4,500 விண்மீன்களைப் பாய்ச்சியது. பூமியில் நிற்பவருக்குத் தெரியும் வானம் அது, அதுவும் ம்யூனிக்கின் வானம் மட்டும். பிற்காலக் கருவிகளில் எந்த ஊரின் வானத்தையும் காட்ட முடிந்தது. கொல்கத்தாவில் 1963இலும் சென்னை கோட்டூர்புரத்தில் 1988இலும் திறக்கப்பட்ட பிர்லா கோளரங்கங்கள் இந்த மரபில் வந்தவை. 1983இல் வந்த டிஜிஸ்டார் என்னும் கணினிக் கருவிதான் இரண்டு பார்வைகளையும் ஒரே அரங்கில் இணைத்தது.

இந்தப் பிரிவு இன்றைய மென்பொருள்களிலும் அப்படியே இருக்கிறது. 2000இல் பிரெஞ்சு நிரலாளர் ஃபாபியன் ஷெரோ தொடங்கிய ஸ்டெல்லேரியம் உள்ளிருந்து பார்ப்பது. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட விண்மீன்களோடு அது நம் ஊர்த் தரையில் நம்மை நிறுத்துகிறது. 2001இல் கிறிஸ் லாரல் வெளியிட்ட செலஸ்டியா வெளியிலிருந்து பார்ப்பது. ஹிப்பார்க்கஸ் செயற்கைக்கோள் அளந்த ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரம் விண்மீன்களுக்கிடையே அதில் பறந்து போகலாம். கேஸ்டார்ஸ் முதல் வகையோடு சேரும். உலாவியிலேயே இயங்கும் நாசாவின் ‘ஐஸ்’, ஸ்பேஸ்எஞ்சின் ஆகியவை இரண்டாம் வகையோடு சேரும். வேர்ல்ட்வைட் டெலஸ்கோப் இரண்டையும் முயல்கிறது. எது அழகாக இருக்கிறது என்று பார்த்துத் தேர்ந்தெடுக்கும் முன், இது நம்மை எங்கே நிறுத்துகிறது என்று கேட்பது நல்லது.

ஹெர்ஷலின் எதிர்ப்பு

மாதிரிகள் மீது வைக்கப்பட்ட மிகக் கடுமையான விமர்சனம் ஒரு வானியலாளரிடமிருந்தே வந்தது. 1833இல் வெளியான தன் வானியல் நூலில் ஜான் ஹெர்ஷல், ஓரரிகளைச் சிறுபிள்ளைத்தனமான பொம்மைகள் என்று ஒதுக்கினார். காகிதத்தில் வட்டம் வரைவதாலும் சரியான எண்ணம் வராது, ஓரரியால் இன்னும் மோசம் என்பது அவர் கருத்து. பதிலாக ஒரு திடலைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார். இரண்டடி விட்டமுள்ள கோளம் சூரியன் என்றால் புதன் ஒரு கடுகு, பூமி 215 அடி தள்ளி ஒரு பட்டாணி, வியாழன் ஓர் ஆரஞ்சு. யுரேனஸை வைக்க முக்கால் மைல் நடக்க வேண்டும்.

இந்த எதிர்ப்பின் வலிமை இன்னும் குறையவில்லை. பாடநூல் படங்களும் பல செயலிகளும் கோள்களைப் பெரிதாக்கி, தூரங்களைச் சுருக்கியே காட்டுகின்றன. பூமியின் பாதையைச் சாய்வாகப் பார்த்து நீள்வட்டமாக வரையும் படம், கோடையில் பூமி சூரியனுக்கு அருகில் போகிறது என்ற பிழையை வளர்க்கிறது. உண்மையில் பூமி சூரியனுக்கு மிக நெருங்குவது ஜனவரித் தொடக்கத்தில். ஹார்வர்டில் பட்டமளிப்பு நாளில் மாணவர்கள், ஆசிரியர்கள், பழைய மாணவர்கள் என 23 பேரிடம் பருவங்கள் அல்லது நிலாப் பிறைகள் பற்றிக் கேட்டு, 1987இல் எடுக்கப்பட்ட ‘எ பிரைவேட் யுனிவர்ஸ்’ ஆவணப்படத்தில் 21 பேர் தடுமாறினார்கள். படிப்புக் குறைவு இதற்குக் காரணம் என்று சொல்ல முடியாது.

அதே ஆய்வு மரபைச் சேர்ந்த மேத்யூ ஷ்னெப்ஸ் குழுவினர் 2014இல் ஹெர்ஷலின் வாதத்தைக் கையடக்கத் திரையில் சோதித்தார்கள் எனலாம். உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் ஒரு சாரார் ஓரரி போல அளவு மாற்றிய சூரியக் குடும்பத்தையும், மற்றொரு சாரார் அளவு மாற்றாத சூரியக் குடும்பத்தையும் விரலால் விரித்தும் சுருக்கியும் பார்த்தார்கள். அளவு, தூரம் பற்றிய தவறான எண்ணங்கள் இரண்டாம் சாராரிடம் தெளிவாகக் குறைந்தன. பெரும்பகுதி வெறுமையாக இருந்த திரைதான் நன்றாகக் கற்றுக்கொடுத்தது. ஹெர்ஷலின் கோபம் ஓரரியின் பொய் அளவுகள் மேல்தான் செல்லும், மாதிரி என்ற எண்ணத்தின் மேல் செல்லாது என்று இதிலிருந்து கொள்ளலாம். எந்த மென்பொருளைத் திறந்தாலும் கோள்களைப் பெரிதாக்கிக் காட்டும் தெரிவு அமைப்புகளில் இயங்குகிறதா என்று முதலில் பார்த்து, அதை அணைத்துவிட வேண்டும்.

உள்ளிருந்தா, வெளியிலிருந்தா?

குழந்தைகள் பற்றிய ஆய்வுகளில் மிகுதியாகப் பேசப்பட்டது 1992இல் ஸ்டெல்லா வோஸ்னியாடோவும் வில்லியம் புரூவரும் செய்தது. அமெரிக்கத் தொடக்கப்பள்ளிக் குழந்தைகள் 60 பேரிடம் பூமியின் வடிவம் பற்றிக் கேட்டார்கள். பூமி உருண்டை என்று ஒப்பித்த குழந்தைகள் பலருடைய மனத்தில் வேறு உலகங்கள் இருந்தன. தட்டையான பூமியில் நாம் வாழ, வானத்தில் இன்னோர் உருண்டைப் பூமி தொங்கியது. அல்லது உருண்டை உள்ளீடற்றதாக, அதன் உள்ளே தட்டைத் தளத்தில் மக்கள் வாழ்ந்தார்கள். சொல்லிக்கொடுத்ததையும் கண்ணால் கண்டதையும் ஒட்டவைக்கும் முயற்சி என்று ஆய்வாளர்கள் இதை விளக்கினார்கள். 1996இல் ஹைதராபாத்துக் குழந்தைகளிடம் இதே போன்ற ஆய்வு நடந்தபோது, நீரில் மிதக்கும் பூமி போன்ற, நம் புராணங்களை நினைவூட்டும் படிமங்களும் சேர்ந்துகொண்டன.

இந்த முடிவுகளுக்கு மறுப்பும் வந்தது. ஸ்வீடனில் ஷூல்ட்ஸ், சால்யோ, விந்தாம்ன் ஆகியோர் 2001இல், ஓர் உலக உருண்டையை மேசையில் வைத்துக்கொண்டே குழந்தைகளோடு பேசினார்கள். தடுமாற்றங்கள் ஏறக்குறைய மறைந்துவிட்டன. பிரிட்டனில் நோப்ஸ், பனாயியோட்டாகி குழுவினர், குழந்தைகளிடம் இருப்பது ஒழுங்கான தவறான உலகப்படம் அன்று, துண்டு துண்டான செய்திகளே என்றார்கள். கேள்வி கேட்ட விதமே விடைகளைக் குழப்பியது என்பது அவர்கள் வாதம். இந்தச் சர்ச்சை முழுதாகத் தீரவில்லை. ஆனால் குடும்பத்துக்கு வேண்டிய அளவுக்கு ஒரு செய்தி இதில் தெளிவு: பொருள் ஒன்று எதிரில் இருந்து, அதைத் தொட்டுக் காட்டிப் பேச ஒருவரும் இருந்தால் குழந்தையின் சிந்தனை வேறு தளத்தில் ஓடுகிறது.

கடினமான இடம், இரண்டு பார்வைகளுக்கும் நடுவில் தாவுவது. மாலையில் மேற்கே சூரியன் இறங்குவதும், விண்வெளியிலிருந்து பார்த்தால் பூமி கிழக்கு நோக்கிச் சுழல்வதும் ஒரே நிகழ்வு என்று புரிவது பெரியவர்களுக்கே எளிதன்று. ஜூலியா பிளம்மர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், முதல் இரண்டு வகுப்புக் குழந்தைகள் கோளரங்கத்தில் சூரியன், நிலா, விண்மீன்கள் செல்லும் பாதைகளைத் தங்கள் கைகளாலேயே வானில் வரைந்து காட்டினார்கள். அந்தச் சிறு வயதிலும் முன்னேற்றம் நன்றாகத் தெரிந்தது. ஏன் அப்படிச் செல்கின்றன என்ற விளக்கம் அதற்கு அடுத்த படி. இதை வைத்துப் பார்த்தால் எட்டு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு ஸ்டெல்லேரியம் முதலிலும் செலஸ்டியா பிறகும் என்ற வரிசை நியாயமாகத் தோன்றுகிறது. கோள்களுக்கிடையே பறப்பது குழந்தையைக் கவரும் என்பதில் ஐயமில்லை. ஆனால் தான் நிற்கும் தரையிலிருந்து வானம் எப்படி நகர்கிறது என்று அறியாமல் பறந்தால், அந்தக் காட்சி மாடியில் தெரியும் எதையும் விளக்குவதில்லை.

கருவியின் மேல் பெரு நம்பிக்கை வைப்போரும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1970களின் தொடக்கத்தில் ஜார்ஜ் ரீடும் ஜோசப் கேம்ப்பெல்லும் கோளரங்கத்தையும், கரும்பலகையும் சிறு வான்கோளமும் கொண்ட வகுப்பறையையும் ஒப்பிட்டபோது விலையுயர்ந்த அரங்கம் வெல்லவில்லை. 2009இல் பிரேசெல், எஸ்பினோசா இருவரும் 19 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் கோளரங்கத்துக்குச் சாதகமாகவே முடிவு வந்தது. அந்தச் சாதகம் மிதமானதே.

பாண்டிச்சேரிச் சோழிகள்

பார்ப்பதா, மாதிரி செய்வதா என்ற இரண்டுக்கும் வெளியே மூன்றாவது வழி ஒன்று தமிழ்ப் பகுதியில் நெடுங்காலம் இருந்தது. ஜான் வாரன் என்ற அதிகாரி 1825இல் வெளியிட்ட ‘கால சங்கலித’ நூலில், பாண்டிச்சேரியில் பஞ்சாங்கம் கணிக்கும் தமிழர் ஒருவர் சந்திர கிரகணத்தைக் கணித்ததைப் பதிவு செய்திருக்கிறார். கணித்தவர் ஓர் எண்ணைக்கூட எழுதவில்லை. தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த, வாய்பாடுகளாக அமைந்த வாக்கியங்களின் துணையால் கணக்கை முடித்தார். அறிவியல் வரலாற்றாளர் ஓட்டோ நியூகேபவர் 1952இல் இதை ஆராய்ந்தார். 1825 மே 31 இரவுக்கான அந்தக் கணிப்பு, கிரகணத் தொடக்கத்தில் 4 நிமிடமும் நடுவில் 23 நிமிடமும் முடிவில் 52 நிமிடமும் பிசகியது. வானத்தை அண்ணாந்து பாராமல், எந்தக் கருவியும் இல்லாமல் கிடைத்த துல்லியம் இது.

இதன் பலவீனமும் நமக்குத் தெரிந்ததே. வாய்பாட்டைத் திருத்த வானத்தைப் பார்க்காவிட்டால் பிழை சேர்ந்துகொண்டே போகும். வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதப் பஞ்சாங்கமும் சனிப்பெயர்ச்சியில் வேறுபடுவது இதனால்தான். 2025 மார்ச் இறுதி என்று திருக்கணிதம் சொல்ல, வாக்கியம் 2026 மார்ச்சுக்குத் தள்ளியது. சனி அப்போது எந்த விண்மீன்களுக்கு அருகில் நின்றது என்பதை மென்பொருளில் பின்னோக்கிச் சென்று பார்த்துவிடலாம். ராசியின் எல்லை எங்கே என்பது தனிக் கேள்வி. சித்திரை முதல் நாள் சூரியன் மேஷத்தில் நுழைவதாக வீட்டில் சொல்ல, மென்பொருள் மீன மண்டலத்தைக் காட்டும்போது குழந்தை குழம்பும். பஞ்சாங்க ராசி என்பது 30 பாகைச் சமப் பங்கு. மென்பொருள் காட்டுவதோ சர்வதேச வானியல் ஒன்றியத்துக்காக 1930இல் வரையறுக்கப்பட்ட 88 மண்டலங்களின் சமமற்ற எல்லை. இதைச் சொல்லிவிட்டால் குழப்பம் நல்லதொரு பாடமாகிவிடும்.

மென்பொருளும் அடிப்படையில் ஒரு கணிப்புதான். பஞ்சாங்கத்தைப் போலவே அதையும் வானத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம்தான், நான் பார்த்தவரை, இந்தக் கேள்வியின் எல்லா விடைகளையும் இணைக்கும் இடம்.

எந்த ஊரின் வானம்?

வானியல் நூல்களில் பெரும்பான்மை வடக்கு நாடுகளில் எழுதப்பட்டவை. நண்பகல் சூரியன் எப்போதும் தெற்கே இருக்கும், துருவ நட்சத்திரம் நன்கு உயரத்தில் நிற்கும் என்று அவை சொல்கின்றன. மதுரையில் துருவ நட்சத்திரம் அடிவானத்துக்கு மேல் வெறும் 10 பாகை. தூசும் கட்டடங்களும் அதை மறைத்துவிடும். நண்பகல் சூரியன் ஏப்ரல் நடுவில் உச்சந்தலைக்கு வந்து, பிறகு வடக்கே சாய்ந்து, ஆகஸ்ட் இறுதியில் திரும்பவும் உச்சியைக் கடந்து தெற்கே போகிறது. அந்த இரண்டு நாள்களில் நட்டுவைத்த குச்சிக்கு நண்பகலில் நிழல் இல்லை. சென்னையில் அந்த நாள்கள் ஏப்ரல் கடைசி வாரத்தின் தொடக்கத்திலும் ஆகஸ்ட் 18 வாக்கிலும் வரும்.

லண்டன்காரர் தம் ஊரில் ஒருபோதும் காண முடியாத அகத்திய நட்சத்திரம், பிப்ரவரி மாலைகளில் மதுரைக்குத் தெற்கே 27 பாகை உயரத்தில் வானத்தின் இரண்டாவது ஒளிமிகு விண்மீனாக நிற்கிறது. மே மாத முன்னிரவில் தென்சிலுவையும் தெரியும். நம் மூன்றாம்பிறை ஐரோப்பியப் படங்களில் வருவதைப் போல நிமிர்ந்து நிற்பதில்லை. பெரும்பாலும் கொம்புகள் மேல் நோக்க மல்லாந்து கிடக்கிறது.

அச்சிட்ட நூலால் இந்த வேறுபாட்டைக் கொடுக்க முடியாது, மென்பொருளால் முடியும். தமிழ்க் குடும்பத்துக்கு அதன் தலையாய பயன் இதுவே என்பேன். ஆனால் தானாக அது நடப்பதில்லை. ஸ்டெல்லேரியத்தைத் திறந்ததும் தெரியும் தரைக்காட்சி பிரான்ஸ் நாட்டு ஊர் ஒன்றின் புல்வெளி. இணையத்தை வைத்து அது ஊகிக்கும் இடமும் தவறலாம். எஃப் 6 விசையை அழுத்தி ஊரைத் தேர்ந்தெடுப்பதுதான் முதல் வேலை. பிறகு பெற்றோரின் சொந்த ஊர், அத்தை வாழும் டொராண்டோ, மாமா வாழும் சிங்கப்பூர் என்று மாற்றிப் பார்த்தால் துருவ நட்சத்திரம் ஏறி இறங்குவதைக் குழந்தை தானே கவனிக்கும். பூமி உருண்டை என்பதற்கு இதைவிட நேரான சான்று வீட்டுக்குள் கிடைப்பது கடினம்.

திரைக்கு எதிரான வாதங்கள்

திறந்த வானமே முதல் ஆசான் என்போரின் வாதங்களைப் பழமை விரும்பிகளின் ஏக்கம் என்று தள்ளிவிடக் கூடாது. மென்பொருள் வானம் மிகையானது. ஒளிமாசே இல்லாத இருண்ட இடத்தில் வெறுங்கண்ணுக்கு ஒரே நேரத்தில் இரண்டாயிரம், மூவாயிரம் விண்மீன்கள் தெரியலாம். நகர மாடியிலிருந்து சில பத்துதான். திரையில் பால்வீதியையும் வண்ண நெபுலாக்களையும் பார்த்துப் பழகிய குழந்தை மாடியில் ஏமாந்துபோகும். ஒளிமாசு அளவை நம் தெருவுக்கு ஏற்ப உயர்த்திவைப்பது இதற்கு ஓரளவு மருந்து. காவலூர் வானாய்வகம் ஏன் ஜவ்வாது மலைக்குப் போனது என்ற பேச்சையும் அதே அமைப்பிலிருந்து தொடங்கலாம்.

இருளுக்குக் கண் முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் வேண்டும். கைபேசியின் வெள்ளொளி அதை நொடியில் கெடுக்கும். சிவப்பு இரவுத்திரை இந்தக் கெடுதலைக் குறைக்கும், முழுதாக நீக்காது. கைபேசியை வானத்துக்கு நேரே பிடித்தால் பெயர் சொல்லும் செயலிகள் இன்னொரு சிக்கலைக் கொண்டுவருகின்றன. மாடியில் நீட்டிக்கொண்டிருக்கும் முறுக்குக் கம்பிகளுக்கு அருகில் காந்த உணரி தடுமாறி, வியாழனை வேறிடத்தில் காட்டும். அதைவிட முக்கியமாக, பெயர் தெரிந்த நொடியில் பார்வை திரும்பிவிடுகிறது. இந்தச் செயலிகளை மாடிக்கு எடுத்துச் செல்லாமல், இறங்கி வந்த பிறகு சரிபார்க்கப் பயன்படுத்துவதே மேல்.

எது அளந்தது, எது கற்பனை என்ற கேள்வியும் உண்டு. ஸ்பேஸ்எஞ்சினில் பட்டியலிட்ட விண்மீன்களோடு நிரல் தானாக உருவாக்கிய எண்ணற்ற விண்மீன்களும் கோள்களும் கலந்திருக்கின்றன. வேற்றுச் சூரியன்களைச் சுற்றும் கோள்களின் மேற்பரப்பை அந்த விவரத்தோடு எந்தத் தொலைநோக்கியும் பார்த்ததில்லை. திரையில் தெரியும் கடலும் மேகமும் வரைந்தவை. பத்து வயதுக் குழந்தைக்கு இதைச் சொல்லலாம், சொல்லத்தான் வேண்டும்.

மறுபக்கத்தில், திறந்த வானத்தை மட்டும் நம்புவோருக்கும் விடை சொல்ல முடியாத கேள்விகள் உண்டு. வடகிழக்குப் பருவமழையில் வாரக்கணக்கில் வானம் தெரியாது. செவ்வாய் பின்னோக்கிச் செல்வதைக் கண்ணால் காண மாதங்கள் வேண்டும். மென்பொருளில் ஏழு ஏழு நாளாகத் தாவினால் ஒரு நிமிடத்தில் அந்தக் கண்ணி தெரிந்துவிடும்.

உடன் உட்காரும் மனிதர்

குடும்பம் என்ற சொல்லை ஆய்வுகள் அதிகம் தொடவில்லை. லோரி டக்கியூச்சியும் ரீட் ஸ்டீவன்ஸும் 2011இல் வெளியிட்ட அறிக்கை, பெரியவரும் குழந்தையும் ஒரே திரையைச் சேர்ந்து பார்த்துப் பேசும்போது கற்றல் எப்படி மாறுகிறது என்று விரிவாகப் பேசியது. அதன் கவனம் பொதுவான ஊடகங்கள் மேல் இருந்தது. வானியலுக்கு அதை நீட்டிப் பார்ப்பது ஊகம்தான், ஆனாலும் ஆதாரமற்ற ஊகம் அல்ல. ஸ்வீடன் ஆய்வின் உலக உருண்டையும் இதையேதான் சொன்னது.

தமிழ் வீடுகளில் இதற்குச் சிறப்பான வாய்ப்பு இருக்கிறது. விண்மீன் பெயர்கள் வீட்டில் ஏற்கெனவே புழங்குகின்றன. பாட்டிக்குத் தன் பேரக்குழந்தைகளின் நட்சத்திரம் தெரியும். அது வானத்தில் எங்கே என்பது பெரும்பாலும் தெரியாது. ரோகிணி, திருவாதிரை, சித்திரை, சுவாதி, கேட்டை ஆகியவை நகர மாடியிலும் தெரியும் ஒளிமிக்க விண்மீன்கள். சர்வதேசப் பெயர்களில் முறையே ஆல்டெபரான், பெட்டல்ஜூஸ், ஸ்பைக்கா, ஆர்க்டூரஸ், அன்டாரெஸ். கார்த்திகை தீபத்தன்று நிலா கார்த்திகை விண்மீன் கூட்டத்தை ஒட்டி நிற்கும். மார்கழித் திருவாதிரையன்று ஆதிரைக்குப் பக்கம், சித்திரா பௌர்ணமியன்று சித்திரைக்குப் பக்கம். நிலவொளியில் வெறுங்கண்ணுக்கு மங்கும் கார்த்திகைக் கூட்டம் திரையில் தெளிவாகத் தெரியும். சோதிடத்தை நம்புகிறவரும் நம்பாதவரும் சேர்ந்து செய்யக்கூடிய பயிற்சி இது. பெயரைப் பாட்டி சொல்ல, தேடுதலைப் பேத்தி செய்ய, இருவரும் மாடி ஏறலாம்.

மௌஸ் யார் கையில் இருக்க வேண்டும் என்பதில் எனக்குத் தயக்கமில்லை: குழந்தையின் கையில். பெரியவரின் பங்கு கேள்வி கேட்பது. அவருக்கு விடை தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம்கூட இல்லை.

தொடங்கும் முறை

ஸ்டெல்லேரியத்தில் முதலில் தேவைப்படுவது சில விசைகள் மட்டும். ‘எல்’ தட்டத் தட்ட நேரம் விரையும், ‘ஜே’ மெதுவாக்கும், ‘கே’ இயல்பு வேகத்துக்குக் கொண்டுவரும், ‘8’ இந்த நொடிக்குத் திருப்பும். ‘ஏ’ காற்றுமண்டலத்தை நீக்கினால் பகலிலும் விண்மீன் தெரியும். ‘ஜி’ தரையை நீக்கினால் காலடியிலும் வானம் இருப்பது தெரியும். சிறு குழந்தைகளை வியக்கவைப்பது இதுதான். மண்டலக் கோடுகளும் பெயர்களும் முதல் வாரம் அணைந்தே இருக்கட்டும்.

ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு கேள்வி போதும், அதற்கான விடையைத் திரையைத் தொடும் முன் எழுதிவைக்க வேண்டும். நாளை இதே நேரம் நிலா எங்கே இருக்கும்? குழந்தை ஓர் இடத்தைக் குறிக்கட்டும். பிறகு சமக்குறி விசையை ஒருமுறை தட்டினால் ஒரு நாள் நகரும். நிலா சுமார் 12 பாகை கிழக்கே தள்ளியிருக்கும். நீட்டிய கையின் மூடிய முட்டி ஏறக்குறைய 10 பாகை. மறுநாள் மாடியில் அந்த முட்டியை வைத்தே சரிபார்க்கலாம். சூரியனைப் பற்றிய கேள்விகளை எப்போதும் நிழலால்தான் சரிபார்க்க வேண்டும். சூரியனை நேராகப் பார்க்க எந்த வயதிலும் அனுமதிக்கக் கூடாது.

இந்த வரிசையில் மென்பொருள் நடுவில்தான் வருகிறது. முன்னால் குழந்தையின் கணிப்பும் பின்னால் வானமும் இல்லையென்றால், அது இன்னொரு திரை நேரமாக முடியும் என்ற எதிர்ப்பாளர்களின் கவலை சரியே.

தீராத கேள்விகள்

ஆய்வுகளில் பெரும்பாலானவை பள்ளியிலும் கோளரங்கத்திலும் நடந்தவை, சில வாரங்களுக்குள் முடிந்தவை. வீட்டில், பெற்றோரோடு, ஓராண்டு தொடர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு அவற்றிலிருந்து நேரான விடை வராது. வெளியிலிருந்து பார்க்கும் பார்வையை எந்த வயதில் தொடங்கலாம் என்பதும் திறந்தே இருக்கிறது. மேலே சொன்ன எட்டு வயது ஒரு மதிப்பீடு, விதியன்று. ஸ்வீடனில் உலக உருண்டை செய்ததைத் திரையில் சுழலும் உருண்டையும் செய்யுமா, கையால் தொடுவதில் தனிப் பயன் உண்டா என்பதும் அப்படியே. குழந்தைகளின் உலகப்படம் பற்றிய சர்ச்சை அமெரிக்கா, பிரிட்டன், ஸ்வீடன் ஆகியவற்றின் குழந்தைகளைச் சுற்றியே பெரிதும் நடந்திருக்கிறது. சூரியன் உச்சந்தலையைக் கடக்கும் நம் அகலாங்கில் வளரும் குழந்தைக்குப் பருவங்களைப் பற்றிய பிழை எண்ணம் வேறு வடிவம் எடுக்கக்கூடும். அதைத் தமிழிலேயே கேட்டுப் பதிவு செய்ய வேண்டியவர்கள் நம் ஆசிரியர்களும் பெற்றோருமே.

ஸ்டெல்லேரியத்துக்குக் கட்டணம் இல்லை. ஒருமுறை நிறுவிவிட்டால் இணையமும் வேண்டாம். இன்று மாலை உங்கள் ஊரைப் பதிந்துவிட்டு, நாளைய நிலாவின் இடத்தைக் குழந்தை தாளில் குறிக்கட்டும். நாளை அந்தத் தாளை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஏறுங்கள்.